மூன்று நாள் பொறுக்கலாமா? சிறுகுடல் அடைப்பும் அதன் அபூர்வக் காரணங்களும்

அறுவை வார்டில் குடல் அடைப்பு நோயாளியிடம் காலையில் நான் கேட்கும் முதல் கேள்வி, "காற்று பிரிந்ததா?" என்பது. வெளியே யாரிடமாவது கேட்டால் முகம் சுளிப்பார்கள். வார்டுக்குள் அதற்குப் பதில் சொல்லவே ஒரு குடும்பம் இரவெல்லாம் விழித்திருக்கும். மூக்கு வழியே இரைப்பைக்குள் இறங்கும் ரைல்ஸ் டியூப், கையில் டிரிப், கட்டில் ஓரத்தில் தொங்கும் பையில் கரும்பச்சையாகப் பித்தநீர். "விடியற்காலை நாலு மணிக்குப் பிரிந்தது டாக்டர்" என்பார் மகள். அடுத்த மூச்சிலேயே, "அப்படியானால் ஆபரேஷன் வேண்டாம்தானே?" என்பார்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அதை முடிவு செய்வது காற்று அல்ல. குடலை எது அடைத்திருக்கிறது என்பது. அதே வயிற்று உப்பல், அதே பச்சை வாந்தி, அதே எக்ஸ்ரே. ஒருவருக்குப் பொறுத்திருப்பதே வைத்தியம். இன்னொருவருக்கு ஓர் இரவு பொறுத்தால் ஒரு முழம் குடல் கறுத்துப்போகும். வேறொருவரின் வயிற்றைத் திறந்தால் அதுவே அவருக்குப் பெரிய கெடுதலாக முடியும்.

பெரியவர்களுக்கு வரும் சிறுகுடல் அடைப்பில் பத்துக்கு ஆறு, ஏழு பேருக்குக் காரணம் பழைய ஆபரேஷன். வயிற்றைத் திறந்து மூடிய பிறகு குடல் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அடுத்த இடம் ஹெர்னியா என்னும் குடலிறக்கத்துக்கும் கட்டிகளுக்கும். "குடல் அடைப்பின் மேல் சூரியன் உதிக்கவும் விடாதே, மறையவும் விடாதே" என்று எங்கள் ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அடைப்பு என்றாலே கத்தி. ஒட்டுதலைப் பொறுத்தவரை அந்த வாக்கு இப்போது செல்லாது. குடலின் ரத்தவோட்டம் கெடவில்லை என்றால் வாய்வழி எதுவும் கொடுக்காமல், டியூப் போட்டு, டிரிப் ஏற்றி 72 மணி நேரம் வரை காத்திருக்கலாம் என்பதே இன்றைய வழிகாட்டுதல். இடையில் காஸ்ட்ரோகிராஃபின் என்ற எக்ஸ்ரே மருந்தை டியூப் வழியே உள்ளே விட்டு, 24 மணி நேரத்துக்குள் அது பெருங்குடலுக்கு வந்துவிட்டால், பெரும்பாலும் கத்தி இல்லாமலே அடைப்பு விலகிவிடும். ஒட்டுதலுக்காக வயிற்றைத் திறந்தால் அந்த ஆபரேஷனே புது ஒட்டுதல்களுக்கு விதை போடும் என்பதால், இந்தப் பொறுமை நியாயமானது.

இது ஒட்டுதலுக்கு எழுதிய சட்டம். வயிற்றில் பழைய தழும்பு இல்லை, தொடை இடுக்கில் வீக்கம் இல்லை, ஆனாலும் குடல் அடைத்திருக்கிறது என்றால், அதே மூன்று நாள் கணக்கை அங்கேயும் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. தழும்பில்லாத வயிற்றிலும் ஒட்டுதல் இருக்கலாம், அவர்களிலும் சிலருக்குக் காத்திருந்து பார்க்கலாம் என்று அண்மைக் கால ஆய்வுகள் சொல்கின்றன. சரி. ஆனால் சி.டி. ஸ்கேனில் காரணத்தைத் தேடிப் பார்த்துவிட்டுக் காத்திருப்பது வேறு, தேடாமல் காத்திருப்பது வேறு. இரண்டாவது தவறை நானே செய்திருக்கிறேன்.

எண்பதைத் தாண்டிய பாட்டி ஒருவர். காற்றடித்தால் பறந்துவிடுவார் போல மெலிந்த உடம்பு. வலது முழங்கால் வலி என்றுதான் அழைத்து வந்தார்கள். மகள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இருந்தார். நாங்கள் முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்தோம். இரண்டு முறை வாந்தி எடுத்ததை வலி மாத்திரையின் மேல் போட்டோம். பாட்டி காலை மடக்கி, முழங்காலை வயிற்றருகே இழுத்து வைத்தபடியே படுத்திருந்தார். யாராவது நீட்டிவிட்டால் முனகுவார். அதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மூன்றாம் நாள் வயிறு உப்பியது. ஸ்கேனில் இடுப்பெலும்பின் கீழ்ப்பகுதியில் இருக்கும் ஒரு துளைக்குள் விரல் நுனி அளவு குடல் போய்ச் சிக்கியிருந்தது. திறந்தபோது ஒரு சாண் குடல் அழுகியிருந்தது. வெட்டித் தைத்தோம். பாட்டி பிழைத்தார் என்பது என் புண்ணியம் அல்ல.

இதற்கு ஆப்டுரேட்டர் ஹெர்னியா என்று பெயர். அந்தத் துளை வழியே ஒரு நரம்பும் ரத்தக்குழாய்களும் தொடைக்குப் போகின்றன. வாலிபத்தில் அங்கே கொழுப்பு அடைத்துக்கொண்டிருக்கும். முதுமையில் மெலிந்து, அதுவும் பலமுறை பிள்ளை பெற்ற பெண்களுக்கு, கொழுப்பு கரைந்து வழி திறந்துவிடுகிறது. நுழைந்த குடல் நரம்பை நசுக்குவதால் உள்தொடையில் தொடங்கி முழங்கால் வரை வலி இறங்கும். காலை நீட்டினாலோ விரித்தாலோ கூடும், மடக்கினால் குறையும். ஹவ்ஷிப், ராம்பெர்க் என்ற இருவர் பெயரில் இந்த அடையாளம் பாடநூலில் இருக்கிறது. பாதிப் பேருக்கு இருந்தாலே அதிகம். ஆனால் இருக்கும்போது கேட்க வேண்டுமே! வெளியே வீக்கம் எதுவும் தெரியாது, ஏனென்றால் சதைக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. இங்கே காத்திருப்பா கத்தியா என்று ஒப்பிட ஒன்றுமே இல்லை. ஸ்கேனில் தெரிந்த அன்றே ஆபரேஷன். வயதாகிவிட்டது, இதயம் தாங்குமா என்று உறவினர் தயங்குவது புரிகிறது. ஆனால் அழுகிய குடலை அந்த இதயம் இன்னும் குறைவாகத்தான் தாங்கும்.

இதே வரிசையில் உள் ஹெர்னியாவையும் வைப்பேன். வயிற்றுக்குள்ளேயே இருக்கும் ஒரு சந்துக்குள் குடல் நுழைந்து இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்வது. பிறவியிலேயே, இரைப்பையை அடுத்துத் தொடங்கும் முன்சிறுகுடல் அருகில், அதுவும் பெரும்பாலும் இடப்பக்கம், அப்படி ஒரு பை சிலருக்கு அமைந்துவிடுகிறது. இப்போது புதிதாகப் பெருகி வருவது உடல் எடையைக் குறைக்கச் செய்யும் பைபாஸ் ஆபரேஷனுக்குப் பின் வருவது. சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் செய்தால் ஒட்டுதல் குறைவு. ஆனால் ஒட்டாமல் வழுக்கி ஓடும் குடலுக்குச் சந்துகளில் நுழைய வசதி அதிகம். எடை குறையக் குறையக் குடலைத் தாங்கும் சவ்வின் கொழுப்பும் கரைந்து சந்து அகலமாகிறது. இவர்களுக்கு வாந்தியே இல்லாமல் போகலாம். எக்ஸ்ரே சாதாரணமாக இருக்கலாம். வயிறு மெத்தென்று இருக்க, நோயாளி மட்டும் துடித்துக்கொண்டிருப்பார். தொட்டுப் பார்ப்பதற்கும் வலிக்கும் பொருத்தமே இராது. எடை குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர் சாப்பிட்ட பிறகு அடிக்கடி வயிறு முறுக்குகிறது என்று சொன்னால், ஸ்கேன் சந்தேகமாக இருந்தாலும் லேப்ராஸ்கோப் வைத்து உள்ளே பார்த்துவிடுவதே நல்லது. பார்த்து ஒன்றும் இல்லை என்று மூடிய வயிறுகளுக்காக நான் வருந்தியதில்லை.

கத்தி வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லாமல், எவ்வளவு வெட்டுவது என்பதில்தான் தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் ஒரு காரணம் உண்டு. பித்தப்பைக் கல். பல ஆண்டுகள் பித்தப்பைக்குள் கிடந்த பெரிய கல் ஒன்று மெல்ல அரித்து, பக்கத்தில் இருக்கும் முன்சிறுகுடலுக்கு வழி போட்டு உள்ளே விழுகிறது. சின்னக் கல்லாக இருந்தால் மலத்தோடு போய்விடும். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் என்றால், குடல் மிகவும் ஒடுங்கியிருக்கும் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் போய்ச் சிக்கும். மொத்த அடைப்புகளில் நூற்றுக்கு நான்குக்கும் கீழ்தான். ஆனால் முதியவர்களிடம், அதிலும் பெண்களிடம், தழும்பில்லாத வயிறு அடைத்திருந்தால் நினைத்துப் பார்க்கவேண்டிய ஒன்று.

இந்தக் கல்லின் குணம் என்னவென்றால், அது ஓரிடத்தில் நிற்பதில்லை. சிக்கும், வயிறு உப்பும்; பிறகு நழுவும், காற்று பிரியும், வீடே நிம்மதி அடையும்; ஒரு முழம் தள்ளிப் போய் மறுபடி சிக்கும். காலையில் நான் கேட்கும் கேள்விக்கு "ஆமாம்" என்று பதில் வந்தும் நோயாளி தேறாமல் இருப்பது இதில்தான். நோயாளி தாமதமாகவே மேசைக்கு வருகிறார், அதற்குள் நீர்ச்சத்தெல்லாம் வற்றியிருக்கும். 1941இல் ரிக்லர் என்ற எக்ஸ்ரே நிபுணர் மூன்று அடையாளங்களைச் சொன்னார்: பித்தக் குழாய்களில் காற்று, அடைபட்ட சிறுகுடல், இருக்கக்கூடாத இடத்தில் ஒரு கல். எக்ஸ்ரேயில் மூன்றும் சேர்ந்து தெரிவது அபூர்வம். சி.டி.யில் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இனி வழிகள். ஒன்று, கல் சிக்கிய இடத்துக்குச் சற்று மேலே குடலைக் கீறி, கல்லைப் பின்னோக்கித் தள்ளி எடுத்துத் தைத்துவிட்டு வெளியே வருவது. பித்தப்பையையும் அது குடலோடு போட்டிருக்கும் வழியையும் தொடுவதில்லை. இரண்டு, அதே மயக்கத்தில் பித்தப்பையை எடுத்து, வழியை அடைத்து, எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிப்பது. மூன்று, கல்லை மட்டும் இப்போது எடுத்து, மற்றதை ஒன்றிரண்டு மாதம் கழித்துப் பார்ப்பது. கேட்பவருக்கு இரண்டாவதுதான் கவர்ச்சியாக இருக்கும். "ஒரே அடியாக முடித்துவிடுங்கள் டாக்டர், மறுபடி கத்தி வேண்டாம்" என்பார் மகன். 1994இல் வெளியான ஒரு தொகுப்பு, அதுவரை பதிவான 1001 நோயாளிகளைக் கணக்கெடுத்தது. கல்லை மட்டும் எடுத்தவர்களில் இறந்தவர் 11.7 விழுக்காடு, எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தவர்களில் 16.9 விழுக்காடு. இந்த எண்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. யாருக்கு எதைச் செய்வது என்பதை அந்தந்த மருத்துவர்தான் முடிவு செய்திருப்பார். ஆனாலும் திசை தெளிவு. கல் மறுபடி இறங்குவது நூற்றில் ஐந்து பேருக்குத்தான். பலருக்கு அந்த வழி தானாகவே மூடிக்கொள்கிறது. எழுபத்தைந்து வயது, சர்க்கரை, இரண்டு நாள் வாந்தி என்று வருபவருக்கு நான் கல்லை மட்டும்தான் எடுப்பேன். அறுபதுக்குள் இருக்கும் திடமான உடம்பு, அனுபவமுள்ள கை, நல்ல ஐ.சி.யூ. என்ற மூன்றும் ஒன்றுகூடினால் மற்றதை யோசிக்கலாம்.

எடுத்த கல்லை உடனே தட்டில் போட்டுவிடக் கூடாது. உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்க்கவேண்டும். முட்டை போல எல்லாப் பக்கமும் வளைந்திருந்தால் நிம்மதி. ஒரு பக்கம் தேய்த்ததுபோல் தட்டையாக இருந்தால், அது வேறொரு கல்லோடு உரசிக் கிடந்தது என்று பொருள். அந்த இரண்டாவது கல் எங்கே? வயிற்றை மூடும் முன் குடல் முழுவதையும் விரலிடையே நழுவவிட்டுத் தேடவேண்டும்.

கல் போலவே அடைக்கும் இன்னொன்று நார்க்கட்டி. இரைப்பையில் செரிக்காத நார் திரண்டு உருண்டையாகிக் குடலுக்குள் இறங்குவது. பீசோர் என்ற அதன் பெயர் பாரசீகத்திலிருந்து வந்தது. விஷமுறிவு என்று பொருள். ஆட்டின் இரைப்பையில் திரண்ட உருண்டையை அந்தக் காலத்து அரசர்கள் விஷத்துக்கு மருந்தென்று நம்பி வைத்திருந்தார்கள். நம் நாட்டு மருந்துக் கடையின் கோரோசனை மாட்டின் பித்தக் கல்; அது வேறு சாதி, ஆனால் நம்பிக்கை ஒன்றுதான்! தென்னிந்தியாவில் ஒரு காலத்தில் முன்சிறுகுடல் புண் மிகுதி. அதற்கு அமிலம் சுரக்கத் தூண்டும் நரம்பை அறுத்து, இரைப்பையைக் குடலோடு இணைக்கும் ஆபரேஷனும் மிகுதி. 'அல்சர் ஆபரேஷன்' தழும்போடு இருக்கும் பெரியவர்களின் இரைப்பை உணவை அரைப்பதும் இல்லை, தடுத்து நிறுத்துவதும் இல்லை. பல்லும் போய்விட்டால் ஆரஞ்சுச் சுளையின் தோல் அப்படியே உருண்டு திரள்கிறது. தழும்பைப் பார்த்து ஒட்டுதல் என்று முடிவுகட்டி மூன்று நாள் காத்திருப்பது இவர்களிடம்தான் அதிகம் நடக்கும்.

கோக் குடித்தால் இது கரையும் என்று படித்துவிட்டு வருபவர்கள் உண்டு. பொய்யல்ல. இரைப்பையில் இருக்கும் நார்க்கட்டியைக் கோகோ கோலா கொடுத்துக் கரைப்பது அங்கீகரிக்கப்பட்ட முறைதான். ஆனால் சிறுகுடலை அடைத்துக்கொண்டு வாந்தி எடுப்பவருக்கு அதைக் கொடுக்கக் கூடாது. அங்கே போய்ச் சேராது, சேர்ந்தால் வயிறு இன்னும் உப்பும். இரைப்பையில் பாதி கரைந்த துண்டு கீழே இறங்கிக் குடலை அடைத்த கதையும் இருக்கிறது. ஆபரேஷனில் முதல் முயற்சி, குடலைக் கீறாமலே கட்டியை விரலால் நசுக்கிப் பெருங்குடலுக்குள் தள்ளிவிடுவது. முடியாவிட்டால்தான் கீறல். மூடும் முன் இரைப்பையையும் தடவிப் பார்க்கவேண்டும். அங்கே ஒரு தம்பி உட்கார்ந்திருப்பான்.

குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொள்ளும் குடல் செருகல் பற்றி இரண்டு வார்த்தை போதும். குழந்தைகளுக்கு ஆசனவாய் வழியே காற்றடித்து விடுவிப்பதைப் பார்த்தவர்கள் பெரியவருக்கும் அதைக் கேட்பார்கள். பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குச் செருகலின் முனையில் ஏதோ ஒரு கட்டி இருக்கிறது. சிறுகுடலில் அது பெரும்பாலும் கொழுப்புக் கட்டி போன்ற சாதுவான ஒன்று; பெருங்குடலில் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு அதிகம். ஆகவே வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவதுதான் வழி. வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில், வலியே இல்லாதவருக்குச் சின்னதாக ஒரு செருகல் தெரிந்தால் மட்டும் அது வந்து போகும் விஷயம், விட்டுவிடலாம்.

கத்தியைக் கடைசியில் வைக்கவேண்டிய காரணங்களுக்கு வருகிறேன். இவற்றில் நம் ஊருக்கு மிக நெருக்கமானது குடல் காசநோய். வெளிநாட்டுப் பாடநூலில் இது அபூர்வம். இங்கே அப்படிச் சொல்ல முடியாது. நோயாளியின் வர்ணனையே பாதி நோயைச் சொல்லிவிடும்: "வயிற்றில் உருண்டை மாதிரி ஏதோ ஓடி வந்து நிற்கிறது டாக்டர், வலி உயிர் போகிறது, பிறகு கடகடவென்று சத்தம் போட்டு விலகிவிடுகிறது." மாதக்கணக்கில் இப்படி. கூடவே மாலைக் காய்ச்சலும் கழுத்தெலும்பு துருத்தும் மெலிவும். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் அல்லது அதற்கு மேலே ஒன்றிரண்டு இடத்தில் குடல் வளையம்போல் சுருங்கியிருக்கும்.

முன்பெல்லாம் சுருக்கம் என்றால் ஆபரேஷன், அதன் பிறகு மாத்திரை. புண் ஆறும்போது தழும்பு விழுந்து இன்னும் சுருங்கும் என்ற பயம் வேறு. நடந்தது வேறு. பகுதி அடைப்போடு வரும் பலருக்கு மாத்திரையிலேயே வழி திறக்கிறது, கத்தி தேவைப்படுவது சிலருக்குத்தான் என்று இந்திய மருத்துவர்கள் 1980களிலேயே காட்டினார்கள். வயிற்றுக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து பன்னிரண்டு மாத மருந்துக்கு இளைத்ததல்ல என்பதைச் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தின் ஆய்வு 1997இல் உறுதி செய்தது. ஆகவே குடல் முழுவதும் அடைபடாமல், ஓட்டை விழாமல் இருந்தால் நான் மாத்திரையின் பக்கம். நிபந்தனைகள் உண்டு. முடிந்தவரை திசுச் சோதனை செய்யவேண்டும், ஏனென்றால் குடலில் நாள்பட்ட அழற்சியை உண்டாக்கும் க்ரோன் நோய் அச்சு அசலாக இதுபோலவே இருக்கும். முதல் சில வாரங்களில் அடைப்பு முற்றினாலும் முற்றலாம் என்று குடும்பத்துக்குச் சொல்லி வைக்கவேண்டும். மென்மையான, நார் குறைந்த உணவு. அப்படியும் முற்றினால், சுருங்கிய இடத்தை நீளவாக்கில் கீறிக் குறுக்குவாக்கில் தைத்து அகலமாக்கினால் போதும். பழைய பாணியில் அடைப்பைத் தாண்டிக் குடலை இணைக்கும் ஆபரேஷன் வேண்டாம். ஒதுக்கிவிட்ட குடலில் கிருமி தங்கி வேறு தொல்லை வரும்.

காசநோயின் இன்னொரு வேடம் குடல் கூடு. 1978இல் சிங்கப்பூர் மருத்துவர்கள் வளரிளம் பெண்களிடம் இதைக் கண்டு, பட்டுப்புழுவின் கூடு என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். சிறுகுடல் முழுவதும் வெள்ளைச் சவ்வு ஒன்றுக்குள் பொட்டலம் கட்டியதுபோல் கிடக்கும். பல ஆண்டுகள் வயிற்று வழி டயாலிசிஸ் செய்தவர்களுக்கும் வருவதுண்டு. அவர்களுக்கு அந்த டயாலிசிஸை நிறுத்தி ரத்த டயாலிசிஸுக்கு மாற்றுவதும், ஸ்டீராய்டு, டமாக்ஸிஃபென் போன்ற மருந்துகளும் முதலில். காசநோய் என்றால் அதன் மாத்திரை முதலில். கத்தி எடுத்தால் அந்தச் சவ்வை உரித்தெடுக்க மணிக்கணக்காகும், ஒவ்வோர் அங்குலத்திலும் குடல் கிழியும் அபாயம். நடு இரவில், பழக்கமில்லாத கையால் செய்யவேண்டிய ஆபரேஷன் அல்ல இது. ஸ்கேனில் முன்கூட்டியே தெரிந்தால் நல்ல கையிடம் அனுப்பலாம்; திறந்த பிறகு தெரிந்தால் அந்த வாய்ப்பு இல்லை.

மெலிவே நோயாகும் வகையும் உண்டு. முன்சிறுகுடலின் மூன்றாம் பகுதி, மகாதமனிக்கும் அதிலிருந்து கீழிறங்கும் குடல் தமனிக்கும் நடுவே போகிறது. இரண்டுக்கும் இடையில் மெத்தைபோல இருக்கும் கொழுப்பு, வேகமாக எடை குறைந்தவர்களுக்குக் கரைந்துவிட, குடல் கத்தரிக்குள் அகப்பட்டதுபோல் நசுங்குகிறது. இடைவெளி 8 மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடும். இதற்கு மருந்து சோறு. வாந்தி எடுப்பவருக்குச் சோறா என்றால், நசுங்கிய இடத்தைத் தாண்டி மெல்லிய குழாய் ஒன்றை இறக்கி, அதன் வழியே ஊட்டுவது. சாப்பிட்ட பின் இடப்பக்கம் சாய்ந்தோ குப்புறவோ படுப்பது. எடை ஏறினால் மெத்தை திரும்ப வரும். சில வாரங்கள் பார்த்தும் ஏறவில்லை என்றால்தான் குடலை இணைக்கும் ஆபரேஷன்.

காத்திருப்பதென்று முடிவானால், சும்மா இருப்பதல்ல காத்திருத்தல். விட்டு விட்டு வந்த வலி விடாமல் நிலைத்துவிட்டதா, நாடித்துடிப்பு ஏறுகிறதா, காய்ச்சல் வந்ததா, வயிறு பலகைபோல் இறுகுகிறதா என்று ஒரே மருத்துவர் சில மணிக்கொரு தரம் வந்து கை வைத்துப் பார்க்கவேண்டும். திசுவுக்கு ரத்தம் போதாதபோது கூடும் லாக்டேட் என்ற பொருள் ரத்தத்தில் ஏறினால் ஆபத்து. ஏறவில்லை என்பதால் ஆபத்தில்லை என்று ஆகாது. உறவினர்கள் கேட்கவேண்டிய கேள்வியும் இதுதான்: "எதற்காகக் காத்திருக்கிறோம், எது நடந்தால் காத்திருப்பதை நிறுத்துவீர்கள்?" இதற்குப் பதில் இல்லாத வார்டில் மூன்று நாள் என்பது வெறும் மூன்று நாள்தான்.

ஓர் அம்மாவுக்கு ஐம்பது வயது. ஆண்டுக்கு இரண்டு முறை வயிற்று வலி, வாந்தி, உப்பல். இரண்டு நாளில் தானாகச் சரியாகிவிடும். போன இடமெல்லாம் அடைப்பு என்றே எழுதியிருந்தார்கள். ஓர் இடத்தில் ஆபரேஷனுக்குக் கையெழுத்து வரை வாங்கியிருந்தார்கள். எங்கள் ஸ்கேனில் ஒரு துண்டு சிறுகுடல் மட்டும் தடித்து நீர் கோத்திருந்தது, சுற்றிலும் கொஞ்சம் நீர். காலையில் என்னென்ன மாத்திரை என்று கேட்டேன். மஞ்சள் பையிலிருந்து ரத்த அழுத்த மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார்: எனலாப்ரில், நான்கு ஆண்டுகளாக. அந்த வகை மாத்திரை சிலருக்கு உதட்டை வீங்க வைக்கும், அபூர்வமாகக் குடலையும். சீட்டில் அந்த ஒரு வரியை அடித்துவிட்டு வேறு மாத்திரை எழுதினேன். மறுநாள் மாலை இட்லி கேட்டார்.